மண்டோரின் மரண அறிவிப்பு

மண்டோர் இறந்துவிட்டான். இன்று விடியற்காலை, வீட்டில், தூக்கத்தில். பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து சொன்னவள் அவனுடைய மூத்த மகள். அவள் போனதும் பிடாடாரி கல்லறைத் தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். நாளை மாலை அடக்கம் என்று பதிவாகியிருக்கிறது. எந்த மரணத்தையும் இரண்டு இடத்தில் விசாரிப்பது என் வழக்கம். இன்று இரண்டாவது முறை கேட்டது ருசிக்காக.

அவள் தந்த அறிவிப்புத் தாள் மேசைமேல் இருக்கிறது. கடைசி வரி: "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." உன்னைச் சாகடித்தவனுக்கு, நண்பா.

துறைமுகத்தில் உங்கள் ஆட்களுக்கு அவன்தான் மண்டோர், வேலை வாங்கும் மேலாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் உனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவான். சரக்குத் தூக்கும் கம்பிவடம் பிரிந்திருப்பதை விபத்து நடந்த அன்று காலையிலேயே அவனிடம் காட்டினாய். "இன்னும் ஒரு கப்பல் தாங்கும்லா, ஏத்து" என்றானாம். பத்து மணிக்கு வடம் அறுந்து ரப்பர் பொதிகள் உன் இடுப்பில் விழுந்தன.

மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தாய். நான் பார்க்க வந்த முதல் மாலை, "டேய், நீ நிருபர்தானே? பொய் சொல்லாதே. டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாய்.

"ரெண்டு வாரம் தாண்டாதுன்னாரு."

"பயமா இருக்குடா."

"அப்புறம் உன் கர்த்தர் எதுக்கு?"

"பயமே இல்லாதவனுக்கு அவரு எதுக்குடா?" என்றாய். சிரிக்கப் பார்த்தாய், வலித்தது. "கடைசி நாள்ல நான் எழுந்திரிப்பேன். இந்த இடுப்போட இல்ல, நல்ல இடுப்போட."

உன் மரண விசாரணையில் மண்டோர் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, "தள்ளி நில்லுன்னு எச்சரித்தேன், அவனாகத்தான் கீழே போய் நின்றான்" என்றான். நீதிமன்றத்தில் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வேலை. எழுதினேன். மறுநாள் அந்தப் பொய் என் பத்திரிகையில் அச்சாகி வந்தது. அவன் ஒரு முறை சொன்னான். நான் ஆயிரக்கணக்கான பிரதிகளில் சொன்னேன். ஏழு ஆண்டுகளாக அவனை விடாமல் வெறுத்ததற்கு இதுவும் காரணம்.

உன் மரண அறிவிப்பையும் நான்தான் எழுதினேன். அழுத கண்ணோடு, கைப்பழக்கத்தில், "சிவபதவி அடைந்தார்" என்று எழுதிவிட்டேன். யாரும் கவனிக்காமல் அப்படியே அச்சாகிவிட்டது. உங்கள் சபைக்காரர்கள் அலுவலகத்துக்கே வந்து கத்தினார்கள். உன் மனைவி மட்டும், "அங்கயும் ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டும்ணே. இப்பதான் அவருக்கு லீவு" என்றாள்.

இன்று மதியம் அவளிடம்தான் போனேன். சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடியில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மண்டோர் போயிட்டான்" என்றேன்.

இயந்திரம் நின்றது. "வலிச்சுதாமா?"

"இல்ல. தூக்கத்துல."

"ச்சே" என்றாள்.

அந்த ஒரு சத்தம் எனக்கு விருந்து. உற்சாகத்தில் தாளை நீட்டினேன். கடைசி வரியைக் கோடிட்டு அடித்திருந்தேன். "வெறும் 'இறந்தார்'னுதான் போடப்போறேன். நித்திரையாம்!"

அவள் தாளைப் படித்தாள். "அந்த வரியை மறுபடி எழுதுங்கண்ணே."

"அவனுக்கா?"

"அது என்ன, ஒழுங்கா நடந்துக்கிட்டதுக்குக் குடுக்கிற சர்ட்டிபிகேட்டா? அப்படின்னா இவருக்கும் கிடையாது. குடிச்சிட்டு வந்து என்னை எத்தனை தடவை அடிச்சிருக்காரு, உங்களுக்குத் தெரியாதா? அவனுக்கு அழிச்சா இவரு கல்லறையில இருக்கிறதையும் அழிச்சிடுங்க."

தெரியும். அவள் கன்னத்தை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் உன்னோடு தேநீர் குடித்திருக்கிறேன்.

"அவன் சொன்ன பொய்யை மட்டும் விட்டுடாதீங்க. அது வேற" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்த வரியைச் சேர்த்தேன். அச்சுக்கோப்பவரிடம் கொடுத்தாயிற்று. நாளை வரும். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மண்ணோடு மண்ணாகப் போனால் அவன் தப்பித்துவிடுவான். நித்திரை என்றால் அவன் எழுந்திருக்க வேண்டும். கண்ணும் காதும் நாக்கும் முழுசாக இருக்க, நல்ல இடுப்போடு நீ அவன் எதிரே வந்து நிற்க வேண்டும். உன் நம்பிக்கையில் எனக்கு வந்து சேர்ந்த பங்கு இவ்வளவுதான். நல்ல காரணத்துக்காக வரவில்லை என்பது தெரிந்தே வைத்திருக்கிறேன்.

அந்த நாள் எப்போது என்று உங்கள் வேதம் குறித்துச் சொல்லவில்லை. இங்கே நடக்க வேண்டியதற்கு நாள் இருக்கிறது. அன்று பளுதூக்கி ஓட்டியவன் நீ வடத்தைக் காட்டியதைப் பார்த்தவன். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். இன்று அவனைத் தொலைபேசியில் பிடித்தேன். "செத்தவன் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாதுலா, வர்றேன்" என்றான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கறிஞர் முன்னால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். போட்டால், அது அப்படியே அச்சாகும். பத்தே காலுக்கும் வராவிட்டால் நான் அவன் வீட்டுக்குப் போவேன்.