பனவிளை ரோட்டில் ஒரு வளைவு

பனவிளை
3-2-1952

பிரியமுள்ள தம்பி செல்வதாஸுக்கு,

அக்கா நேசபாய் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மகள் செல்லபாயும் சுகம். நீ ஜெயித்த அன்று ஊரே உன்னைத் தூக்கிக்கொண்டு போனது. சுட்டு வைத்த ஆப்பம்தான் ஆறிப்போனது. எம்.எல்.ஏ.வுக்குப் பசிக்காது போலிருக்கிறது!

ஐந்து வருஷம் முன்பு வில்லேஜ் யூனியன் மெம்பரானதும் நீ செய்த முதல் வேலை நினைவிருக்கிறதா? இடவழியை அகலமாக்க அளவுக்கயிற்றை நம் வேலியில் வைத்துத்தான் தொடங்கினாய். என் இரண்டு முருங்கையும் போயின. மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. ஆனால் அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வேலியைத் தள்ளி நட்டார்கள். இன்று விழுந்த ஓட்டெல்லாம் அன்று கிடைத்ததுதான்.

இனி சர்க்காரிடம் நம் ஊருக்கு ஒரு ரோடு கேள். போன மழையில் ஜெபகனியைப் பிரசவத்துக்குக் கட்டிலோடு சுமந்துபோய், தக்கலை ரோட்டை எட்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டதே, அதை மறந்துவிடாதே.

அன்பு அக்கா,
நேசபாய்

திருவனந்தபுரம்
2-12-1952

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட கருப்பட்டி வந்து சேர்ந்தது. யூனியனில் நாங்கள் ஒன்பது பேர். கையைத் தூக்கினால் காரியம் நடக்கும். இங்கே நூறு பேருக்கு மேல். கையைத் தூக்கினால் உட்காரச் சொல்கிறார்கள். நானும் விடவில்லை. பத்து மாதம் நடையாய் நடந்து, பனவிளை ரோட்டுக்கு உத்தரவு வாங்கிவிட்டேன்! கையெழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் கையால் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட ஆசையாக இருக்கிறது.

உன் தம்பி,
செல்வதாஸ்

பனவிளை
18-1-1953

அன்புத் தம்பிக்கு,

ரோட்டுக்கு அளந்து அடையாளக் குற்றி அடித்தார்கள். ஊருக்கே சந்தோஷம். எனக்குத்தான் நெஞ்சில் அடித்ததுபோல் இருக்கிறது. ஒரு குற்றி நம் வீட்டு விளைக்குள், உன் அத்தான் நட்ட அயனி மரத்தின் அடிமூட்டிலேயே நிற்கிறது. செல்லபாய் பிறந்த மாதம், அவள் வீட்டுக் கதவுக்கு ஆகுமென்று நட்டது. அவர் போன பிறகு நான் அதன் நிழலில்தான் ஜெபம் பண்ணுகிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ரோட்டைக் கொஞ்சம் வளைத்தால் ஆகாதா?

நேசபாய்

திருவனந்தபுரம்
30-1-1953

அன்புள்ள அக்காவுக்கு,

ஓவர்சியரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அத்தான் மரத்துக்கு ஒன்றும் வராது. நீ எனக்காகப் பட்டதற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? நிம்மதியாக இரு.

செல்வதாஸ்

பனவிளை
22-2-1953

தம்பி செல்வதாஸுக்கு,

குற்றியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நான் கர்த்தரை ஸ்தோத்திரித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை பூங்கனி வந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்த பிறகு, எட்டு சென்டில் ஓலைக் குடிசை போட்டிருக்கிறாளே, அவள்தான்.

"டீச்சரம்மா, எனக்க அடுக்களைக்குள்ள குற்றி அடிச்சிட்டுப் போயிட்டாவ. இனி நான் எங்க உலை வைக்கியது? தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்தாள்.

ஒரு வார்த்தை நாம் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ரோட்டைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடு.

நேசபாய்

திருவனந்தபுரம்
5-3-1953

அக்காவுக்கு,

வளைத்த ரோடு அவள் அடுக்களையில் போய் நிற்கும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு. ஆனால் ஒருமுறை வளைத்ததை மறுபடி வளைத்தால் காரணம் கேட்பார்கள். எம்.எல்.ஏ. தன் அக்காவுக்காக ரோட்டை வளைத்தான் என்று பேப்பரில் வரும். அதோடு என் கதை முடிந்தது. பூங்கனிக்கு வேறு இடத்தில் குடிசை போட்டுக் கொடுத்துவிடலாம். இதை இத்தோடு விடு அக்கா.

செல்வதாஸ்

பனவிளை
12-3-1953

தம்பிக்கு,

விடமாட்டேன். என் விளையில் ரோடு போட எனக்குச் சம்மதம் என்று எஞ்சினியருக்கு மனு எழுதிவிட்டேன். என் தம்பியிடம் சொல்லி வளைக்கக் கேட்டது நான்தான் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். அதனால் உன் பதவி போனால் அந்தப் பாவம் என்னுடையது. செல்லபாயிடமும் சொன்னேன். "எனக்குப் பலாக்கதவு போதும் அம்மா" என்றாள். புதன்கிழமை மனுவோடு தக்கலைக்குப் போகிறேன். மரம் அறுக்க ஆள் சொல்லியாயிற்று.

உன்மேல் கோபம் இருக்கிறது. முருங்கைக்குப் பட்ட கோபம்போல் மூன்று நாளில் போகிறதில்லை இது.

நேசபாய்

திருவனந்தபுரம்
16-3-1953

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை நீ தக்கலைக்குத் தனியாகப் போகவேண்டாம். செவ்வாய் சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். மனுவில் உன் பெயருக்குக் கீழே எனக்கும் இடம் விடு. நீ கேட்டாய், வளைத்தது நான்தான். அதை என் கையாலேயே எழுதுகிறேன். பேப்பரில் வந்தால் வரட்டும்.

பூங்கனியிடம் நீ முந்திச் சொல்லிவிடாதே. அவள் அடுக்களையில் நிற்கும் குற்றியை நான் போய்ப் பிடுங்கவேண்டும்.

மரம் அறுக்க வருகிறவர்களைச் சனிக்கிழமை வரச் சொல். அயனியில் முதல் வெட்டு நான் வெட்டுகிறேன். அதன் பிறகும் நீ பேசாவிட்டால் பரவாயில்லை, சோறு மட்டும் போடு.

உன் தம்பி,
செல்வதாஸ்