டீச்சர் காரும் அப்பாவின் உள்ளங்கையும்

கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், நீ நலம் என்று போனில் சொல்வதை நான் முக்கால்வாசிதான் நம்புகிறேன். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, இனி எஞ்சின் சத்தம் கேட்டு வேலை பார்க்க முடியாது, ஒர்க்‌ஷாப்பை விற்றுவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று எழுதியிருந்தாய். நானும் சரியென்று வாங்குகிறவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை கணக்கு டீச்சர் தன் பழைய காரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தார். நிற்கும்போது லேசாக ஒரு உதறல், மேட்டில் இழுவை இல்லை. வேறு இடத்தில் ப்ளக் எல்லாம் புதிதாக மாற்றியும் தீராமல், எஞ்சினையே பிரிக்கணும் என்றார்களாம். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? வண்டியை ஓடவிட்டு, பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டினார். என்னைப் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ப்ளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து போகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னார். முதல் இரண்டைக் கழற்றியபோதும் கையில் படுகிற காற்று தடுமாறுது, அதுக ரெண்டும் வேலை செய்யுது என்று தலையாட்டினார். மூன்றாவதைக் கழற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. இவன்தாண்டி வேலை செய்யாம உக்காந்து திங்கிற பய என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். நல்ல ஒயர் ஒன்றை அதில் போட்டும் சரியாகவில்லை. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பினார், உள்ளே முடி கனத்தில் ஒரு விரிசல், பென்சிலால் இழுத்தது போலக் கறுப்பு. மூன்றாவது ப்ளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியாக நழுவியிருக்கிறது. புது மூடி போட்டதும், பானட்டில் டம்ளர் தண்ணீர் வைத்தாலும் அலுங்காது என்கிற அளவுக்கு வண்டி அமைதியாக ஓடியது.

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்த மனுஷனை வாய் பிளந்து பார்த்தேன், சொல்ல எனக்கென்ன வெட்கம். காது போனா என்னங்க, கை இருக்கே என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவும் புள்ளையும் சேர்ந்து கடைய விலை பேசிட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே என்றார். எனக்குச் சுருக்கென்றது கண்ணா, அவர் சொன்னதில் என்ன தப்பு?

வாங்குகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போடாதே. நூறு வயசு நல்லா இரு. அடுத்த முறை கடையைப் பற்றி எழுதுவதென்றால் எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கு எழுது.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா