கோகிலாவுக்கு ஒரு வெயில் கிரீம்

25-6-2006, ஞாயிறு

ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போய் வாங்கி வர வேண்டும். மேகமூட்டம். ஆனாலும் கண் கூசுகிறது.

நேற்று மனைவியைக் கூட்டிக்கொண்டு கோவையில் தோல் டாக்டர். கோகிலாவுக்கு முகத்திலும் புறங்கையிலும் வெண்புள்ளி வந்து ஒரு வருஷம். இப்போது பள்ளிக்கூட மைதானத்திலிருந்து வந்தால் திட்டெல்லாம் சிவந்து காந்துகிறது. விளையாட்டு டீச்சருக்கு நிழல் ஏது?

டாக்டரம்மா சொன்னவை: திட்டில் நிறம் இல்லை, சீக்கிரம் சுட்டுவிடும். மேகம் இருந்தாலும் கிரீம் வேண்டும். எஸ்.பி.எஃப். நம்பர் முப்பது போதும். இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். வாசனை கூடாது. கிளம்ப இருபது நிமிஷம் முன்னால், பிறகு இரண்டு மணிக்கொரு தரம். முழுக்கை, தொப்பி. புதுக் கிரீம் எதுவானாலும் முழங்கை உட்பக்கம் நாலு நாள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

பள்ளித் தாளாளர் நல்ல மனிதர்தான். போன வாரம் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "ஜோனல் போட்டி வரைக்கும் பாக்கலாமுங்க டீச்சர். மறுக்காவும் இப்பிடிச் செவந்துச்சுன்னா லைப்ரரிக்கு மாத்திர்லாம். உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாளாம். வீட்டில், பாத்திரம் தேய்க்கும்போது: "பதினோரு வருசம் விசிலூதுனவளைப் பொஸ்தகத்துக்கு அட்டை போடச் சொல்றாங்க." அதற்குப் பிறகு தேய்த்த குக்கர் இன்னும் பளபளக்கிறது.

26-6, திங்கள்

காலை கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. இரண்டு குடம் தெருக்குழாயில்.

மெடிக்கலில் வெயில் கிரீம் கேட்டேன். கடைக்காரர்: "சார், இது போடுங்க. ஒரே வாரத்துல கலர் தூக்கிக் குடுக்கும்." பன்னிரண்டு வருஷமாகச் சாயப்பட்டறை லேபில் கலர் தூக்குவதும் இறக்குவதும்தான் என் பிழைப்பு. என்னிடமேவா! அதை வைத்துவிட்டு வேறு நான்கு வாங்கினேன். டாக்டர் சீட்டில் எழுதிய துத்தநாகக் கிரீமும் அதில் ஒன்று. பற்பசை போலக் கெட்டி.

முழங்கையில் நாலு நாளா? நமக்குத் தெரியாத டெஸ்ட்டா! எந்தக் கலர் வெயிலுக்கு நிற்கும் என்று பார்க்க, துணித் துண்டில் பாதியை அட்டையால் மூடி வெயிலில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். அட்டையை எடுத்தால் வெளுத்தது தெரிந்துவிடும். வெயில் பட்டாலே வெளுக்கும் ரோஸ் கலர்த் துணி ஒன்று லேபில் கிடக்கிறது. நான்கு துண்டு, நான்கு கிரீம். ஏ, பி, சி, டி. பட்டறை மொட்டை மாடியில் கிளிப் போட்டு வைத்தாயிற்று.

1-7, சனி

ரிசல்ட். ஏ துளியும் வெளுக்கவில்லை. நம்பர் ஐம்பது, மல்லிகை வாசம். பியும் சியும் பரவாயில்லை. துத்தநாகம்தான் டி. காய்ந்து வெடித்து, பாதி காற்றில் போய்விட்டது. ரிஜெக்ட்.

கம்பெனி தாளிலேயே ரிப்போர்ட் எழுதி, 'அப்ரூவ்டு' முத்திரையும் குத்தினேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார்: "ஏனுங்க தங்கராசு, இது எந்த எக்ஸ்போர்ட் பையருக்குங்க?"

"ஊட்டுக்காரிக்குங்க."

சிரித்துக்கொண்டே போனார். பெருமை தாங்கவில்லை எனக்கு. வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி.

2-7, ஞாயிறு

கோகிலா ரிப்போர்ட்டை முழுக்கப் படித்தாள். "இவ்வளவு பார்த்திருக்கீங்களா?" என்று முகம் மலர்ந்து, ஏ கிரீமை அப்படியே முகம் பூராவும் பூசிக்கொண்டு காலை பயிற்சிக்குப் போனாள். ஓட்டக்காரப் பெண்கள் ஞாயிறிலும் வருகிறார்கள்.

மதியம் திரும்பியபோது இமை இரண்டும் வீங்கி, கன்னமெல்லாம் தடித்து, ஒரே அரிப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். ஈரத்துணியைக் கண்ணில் வைத்துப் படுத்தவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, துணிக்கு அரிக்குமாங்க?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் ஒரு முட்டாள்.

3-7, திங்கள்

லீவு. மறுபடி கோவை. டாக்டரம்மா கேட்டது நியாயமான கேள்வி: "கையில் தடவிப் பார்க்கச் சொன்னேனே, ஏன் பார்க்கலை?" நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா, "மறந்துட்டேனுங்க டாக்டர்." பக்கத்து நாற்காலியில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்படி ஒருத்தியோடு வாழ என்ன செய்தேனோ தெரியவில்லை.

களிம்பு ஒரு வாரம். முகத்துக்கு வேறெதுவும் கூடாது. கையில் டெஸ்ட் பண்ணலாம்.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரி பக்கத்திலிருந்தவள் காதில் முணுமுணுத்துவிட்டுக் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கோகிலா கவனித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒட்டாது, அதெல்லாம் ஒட்டாது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

6-7, வியாழன்

இந்த முறை டெஸ்ட் அவள் கையில். இடது முழங்கை உட்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் மூன்று கட்டம். பி, சி, டி. காலையிலும் மாலையிலும் தடவல். பக்கத்தில் நோட்டு. குளிக்கும்போது கட்டம் அழிந்தால் மறுபடி வரைகிறாள்.

துணியில் இழை எண்ணும் என் லென்ஸை எடுத்து டியூபில் உள்ள பொடி எழுத்தை எல்லாம் படிக்கிறாள். லேபில் இத்தனை பேர் இருக்கிறோம், இந்தப் பொறுமை ஒருத்தருக்கும் இல்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

10-7, திங்கள்

பி இரண்டாம் நாளே அரிப்பு. நோட்டில் அடித்துவிட்டாள். சி ஒன்றும் செய்யவில்லை. நிறமில்லாமல் தோலோடு கலந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் லென்ஸில் கண்டுபிடித்தாள்: ஒரு வகைக் கதிருக்குத்தான் சியில் மருந்து. இன்னொன்றைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் நான் ரிஜெக்ட் செய்த டி. கையில் சின்னச் சிவப்புகூட இல்லை.

முகம் அடங்கிவிட்டது. சாயங்காலம் கண்ணாடி முன் டியைப் பூசிப் பார்த்தாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளை. இட்லி மாவில் முகம் கழுவியதுபோல் இருந்தது. ஒரு வருஷமாக இவள் வெள்ளையை மறைக்கத்தான் பாடுபடுகிறாள். போட்டோ என்றால் பாதி முகம் திருப்பிக்கொள்வாள், கல்யாணத்துக்குப் போனால் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். இப்போது நல்லாயிருக்கிற தோலையும் வெள்ளையாக்குகிறது இந்தக் கிரீம்.

எனக்குத் தாங்கவில்லை. "சியே போதும் கோகிலா. பூசினதே வெளிய தெரியாது."

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "தெரியாம இருக்கோணும்னா லைப்ரரியே போதுங்களே."

சி டியூபை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

12-7, புதன்

இரண்டு நாளாக அதே வெள்ளை முகத்தோடு மைதானம். முழுக்கை, தொப்பி. சிவப்பு இல்லை, காந்தல் இல்லை! வாஷ் பேசின், துண்டு, கதவுக் கைப்பிடி, எல்லாம் வெள்ளை.

பெண்பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "கிரிக்கெட் பிளேயராட்டம் இருக்கீங்க மிஸ்னாங்க. அப்பறம் ஓடப் போயிட்டாளுக." சொல்லும்போது சிரிப்பு. எத்தனை மாசம் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

டீச்சர்கள் ரூமில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது சிரிப்பில்லை. சனிக்கிழமை போட்டிக்குத் தாளாளர் வருகிறார்.

15-7, சனி

ஜோனல் போட்டி. லீவு சொல்லிவிட்டுப் போனேன். மேகம், நடுநடுவே சுள்ளென்று வெயில். கோடு போட்ட சுண்ணாம்பு காற்றில் பறக்கிறது. கூட்டம். என் நெஞ்சு அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குத் தாளாளர் மைதானத்துக்குள் இறங்கி நேரே அவளிடம் வந்தார். உற்றுப் பார்த்தார். கைக்குட்டையை நீட்டினார். "டீச்சர், மூஞ்சியெல்லாஞ் சுண்ணாம்பு ஒட்டீருக்குதுங்க. தொடச்சுக்குங்க."

"ஒட்டலீங்க சார். நானே பூசியிருக்கறனுங்க. ரெண்டு மணிக்கொருக்கா பூசோணுமுங்க, இப்ப நேரமாச்சு." பையிலிருந்து டியூபை எடுத்தாள். பந்தல் மொத்தமும் பார்க்க, தொப்பியைக் கழற்றி, நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்து, புறங்கை என்று ஒரு இடம் விடாமல் பூசினாள். அவசரமே இல்லை.

கைக்குட்டை நீட்டியபடியே நின்றது. புறங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பு இல்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரீங்க டீச்சர். இருநூறு மீட்டர் புள்ளைகளக் கூப்புடுங்க."

அவள் கை முழுக்கக் கிரீம். விசிலைத் தொட முடியாது. என் பக்கம் திரும்பினாள். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, அத்தனை பேர் முன்னால், அவள் வாயில் வைத்தேன்.

ஊதினாள்.