எழுபதாவது மீட்டர்

மார்ச் 4, செவ்வாய். காலை 9.10. மேசையில் 17 கோப்புகள்.

பதினாறு கோப்புகள் குப்பை. கடையை விடப் பெரிய பெயர்ப்பலகை கேட்பவர்கள், வளைவில் வாசல் கேட்பவர்கள். நகராட்சித் திட்டப் பிரிவு என்றால் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பு.

ஒன்று மட்டும் உருப்படி. செயற்கைக் கால் செய்து பொருத்தும் ஒரு பெண்மணியின் பட்டறை. இப்போது பின்பக்கச் சந்து வழியாகத்தான் போக வேண்டும், 140 மீட்டர், வண்டி நுழையாது. முன்பக்கம் பெரிய சாலைக்கு ஒரு வண்டி வாசலும் அதில் ஒரு பலகையும் கேட்கிறார். வாசல் இல்லாத இடத்தில் பலகை வைக்க விதி இடம் தராது. ஆகவே வாசல் போனால் இரண்டும் போச்சு.

மார்ச் 6, வியாழன்.

இடம் பார்க்கப் போனேன். வாசலிலிருந்து வெளியே வரும் ஓட்டுநருக்கு, 70 மீட்டரில் வரும் வண்டி தெரிய வேண்டும். இதை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசலில் குனிந்து பார்க்க, ஒருவர் சிவப்பு வெள்ளைக் கம்போடு தூரத்தில் நிற்க. எங்கள் சர்வேயர்தான் வழக்கமாக நிற்பார். ஆபீசில் அவருக்கு டேப் என்று பெயர். ஜனவரியில் தாமதமாக வந்தார் என்று, "உங்களுக்குப் பதிலா ஒரு கம்பத்த நட்டு வச்சா போதும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தனியாகத்தான் போகிறேன். வேலை சீக்கிரம் முடிகிறது.

70-ல் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதில் கம்பைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். தெரியவில்லை. பக்கத்துச் சுவர் மறைத்தது.

அந்தம்மா கையெல்லாம் பிளாஸ்டர் மாவோடு வந்தார்.

"என்ன சார், கெடைக்குமா?"

"அளவு பத்தல. சந்து வழியா வரச் சொல்லுங்க."

"நடக்க முடிஞ்சா எங்கிட்ட ஏன் சார் வரப்போறாங்க?"

ஏப்ரல் பதினைந்தோடு குத்தகை முடிகிறதாம். வாசல் கிடைத்தால் புதுப்பிப்பார், இல்லையென்றால் மூடுவார். "என் வேலை அளக்கறதும்மா" என்றேன். உண்மைதானே?

மார்ச் 11, செவ்வாய்.

அனுமதிக் குழு கூடியது. என் ஒரு பக்க அறிக்கை. நான்கு நிமிடம். நிராகரிப்பு.

மார்ச் 13.

அக்கா போன் பண்ணினாள். "இன்னிக்கு யார்கிட்டடா பேசின?" யோசித்தேன். "கேண்டீன்ல, டீக்கு." "அதெல்லாம் கணக்குல வராது" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்.

வேறு வேலையாக அந்தச் சாலையில் போனேன். அந்த இடத்துக்கு எதிரே நின்றபோது சிவப்பு நிற வேன் ஒன்று வளைவில் வந்துகொண்டிருந்தது. ஏதோ நினைப்பில் சாலையைக் கடந்து அவர் வாசலில் நின்று, அடுத்த வண்டியைக் குனிந்து பார்த்தேன். விளக்குக் கம்பம் சுவருக்குப் பின்னால். வண்டியோ அந்தக் கம்பத்துக்கும் அப்பால் வரும்போதே தெரிகிறது, முழுசாக.

கம்பம் நிற்பது நடைபாதையின் உள்விளிம்பில், சுவரோரம். வண்டி வருவது சாலையில். நடுவே இரண்டு மீட்டர். டேப் இருந்திருந்தால் சாலை விளிம்பில் நின்றிருப்பார். நான் வண்டியை அளக்கவில்லை. விளக்குக் கம்பத்தை அளந்திருக்கிறேன்.

முட்டாள். முட்டாப் பய. நாலு வருஷம் என்னத்தடா படிச்ச?

மார்ச் 19.

யாருக்கும் தெரியாது. யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். அறிக்கை பார்க்கச் சுத்தமாக இருக்கிறது — அதுதான் தொல்லை.

மார்ச் 20, வியாழன்.

டேப் மேசைக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் முறை அந்தப் பக்கம்.

"அண்ணே, ஒரு இடம் திரும்ப அளக்கணும். கூட வரணும்."

"ஏன் தம்பி, ஊர்ல கம்பத்துக்குப் பஞ்சமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"கம்பத்து மேலயா சாய்ச்ச?"

"ஆமா."

"அட கடவுளே" என்று எழுந்து தொப்பியை எடுத்தார்.

88 மீட்டர். மூன்று முறை பார்த்தோம். திரும்பியதும் அவர் நேரே தன் மேசைக்குப் போய்விட்டார். நான் என்ன எதிர்பார்த்தேன்?

மார்ச் 21.

மேடம், அதாவது என் மேலதிகாரி, திருத்த அறிக்கையைப் படித்தார். "புது அளவுன்னு மட்டும் எழுதிடலாமே. தப்புன்னு எதுக்கு எழுதணும்? உங்க பணி நிரந்தரம் தள்ளிப் போகும், யோசிங்க."

யோசித்தேன். புது அளவு என்றால் புது விண்ணப்பம், மூன்று மாத வரிசை. எங்கள் தவறு என்றால்தான் அடுத்த குழுக் கூட்டத்திலேயே எடுப்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 29, சனி.

யாரோடும் பேசவில்லை. சட்டை இஸ்திரி. ஆறு சட்டை.

ஏப்ரல் 8, செவ்வாய்.

அனுமதி. வண்டி வாசல் 3.6 மீட்டர். பலகை ஒன்று, விளக்கு இல்லாமல். என் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைப்பு. அதுவரை தனியாக இடம் பார்க்கத் தடை.

கடிதத்தை நேரில் கொண்டுபோனேன். அந்தம்மா நின்றபடியே படித்தார்.

"முதல்லயே சரியா பார்த்திருக்கலாமே தம்பி."

"ஆமாம்மா."

"இந்த ஒரு மாசத்துல ரெண்டு பேர் வேற எடம் பாத்துப் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் எட்டு வருஷமா வர்றவர்."

உட்காரச் சொல்லவில்லை. நியாயம். நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

இனி:

1. ஜனவரிக்குப் பிறகு நான் தனியாக அளந்து நிராகரித்த கோப்புகள்: ஒன்பது. பட்டியல் போட்டாயிற்று. நாளை காலை மேடம் மேசையில் வைக்க வேண்டும்.
2. ஒன்பதையும் திரும்ப அளக்க டேப் அண்ணனிடம் நேரம் கேட்க வேண்டும். முடியாது என்றால் மறுநாளும் கேட்க வேண்டும்.
3. அதற்கு முன், ஒன்பது பேரிடமும் நேரில் போய், என் அளவில் சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இதற்கு இரண்டாம் ஆள் தேவையில்லை.