இவருடைய தலையாட்டல்

தை 4, செவ்வாய்.
விடாத மழை. விறகெல்லாம் ஈரம், அடுப்பில் ஒரே புகை. வெள்ளிக்கிழமை கொழும்பில் இவருக்கு மெடிக்கல் போர்ட். காது பழுது என்று டொக்டர்மார் எழுதிக் கொடுத்தால் பட்டாளத்தை விட்டுப் பென்சனோடு வீட்டுக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் பீரங்கிக்குப் பக்கத்தில். இடது காது முற்றாகப் போய்விட்டது, வலது அரைவாசி. அந்தச் சத்தத்துக்குள் இன்னும் நின்றால் அதுவும் போகும்.

காதைவிட இவருடைய தலையாட்டல்தான் எனக்குப் பயம். விளங்காததற்கெல்லாம் சிரித்துக்கொண்டு ஓம் என்று ஆட்டுவார். நேற்று மீன்காரன் ஏதோ கேட்க, ஒரு ஆட்டல். கூடை நிறையச் சுறா. பால் ஊறச் சுறா ஆக்கிக் கொடுக்க, பிள்ளை பெற்றவள் யாரும் வீட்டில் இல்லை.

5, புதன்.
பழக்கினேன். பின்னால் நின்று பேச்சுக் கொடுப்பது, தலை ஆடினால் முதுகில் ஒரு தட்டு.
"கேக்கல்ல எண்டு சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?"
"சரி புள்ள, சரி."
அதற்கும் ஒரு ஆட்டல்.
வேலிக்கு அப்பால் மச்சாள்: "என்னகா, காலங்காத்தால சண்டையா?"
இந்த வீட்டில் கொஞ்சினாலும் ஊருக்கே கேட்கும்.

7, வெள்ளி. கொழும்பு.
ரெயிலில் நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. வாசலில் ஒரு கை இல்லாத பட்டாளத்துப் பையன், அவனும் போர்டுக்கு வந்தவன். அவனை யாரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். இவரோ சவரம் எடுத்து, சப்பாத்து மினுக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறார். பெண் பார்க்கப் போகிற மாதிரி!

சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.
"என்ன கேட்டாங்க?"
"நல்ல ஆக்கள் புள்ள. காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாங்க."
"என்ன கேட்டாங்க எண்டு கேக்கிறன்!"
"ரெண்டு தரம் கேக்கல்ல எண்டு சொன்னன். பிறகு பெரியவர் என்னமோ சொல்ல எல்லாரும் சிரிச்சாங்க. எத்தின தரம் என்ன, என்ன எண்டு கேக்கிற? தலையாட்டிற்று வந்திற்றன்."

எதற்கு ஆட்டினார் என்று இவருக்கே தெரியாது. சுகமா, வேலைக்கு வருகிறாயா என்பதைவிட அங்கே வேறென்ன கேட்டிருப்பார்கள்? திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினேன். பெட்டி முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

20, வியாழன்.
கடிதம். சேவைக்குத் தகுதியாம். ஞாயிறு புறப்பட வேண்டும். லைட் அடித்துப் பார்த்தவர்களில் ஒருவருக்காவது பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? படித்த மனிதர்கள்!
"அங்க போய் மனு எழுதுறன்" என்கிறார். எழுத மாட்டார்.
சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க வேண்டும். பனங்கட்டி முடிந்துவிட்டது.

23, ஞாயிறு.
மழை விட்டது. சேர்ச்சுக்குப் போகவில்லை. கல்லாற்றிலிருந்து முதல் பஸ், மட்டக்களப்பு ஸ்டேஷன். இத்தனை நாள் கத்தியவளுக்கு இன்றைக்கு ரெயில் அசைந்தபோதுதான் வாய் வந்தது, அதுவும் மெதுவாக.
"போகாதீங்க."
ஜன்னலில் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.