ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக்கோ

செவ்வாய்க்கிழமை, மயிலாப்பூர்.

கீழ்வீட்டு ஷமீமாவுக்கு எங்கள் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் மாடிப்படியில் என்னை மடக்கினாள். "அக்கா, நெஜமாச் சொல்லுங்க, சேரலாமா?"

பின்னாலேயே அவள் அத்தா ஸ்வீட் பாக்ஸோடு நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல?

"பெரிய கம்பெனிம்மா, தாராளமாச் சேரு. ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக்கோ."

"ஏசி அவ்ளோ குளுருமாக்கா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

குளிருக்கா அது? நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பினால் மேனேஜருக்கு ஆகாது. ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறாள் என்று அவர் நினைக்கட்டும் என, நாற்காலியில் ஸ்வெட்டரை மாட்டிவிட்டு நழுவுவோம்.

கலாவைத் திடீரென்று வேலையைவிட்டு அனுப்பினார்களே, அவளுடைய ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அந்த நாற்காலியில்தான் ஷமீமாவை உட்காரவைப்பார்கள்.