செம்பட்டைத் தலைக்காரி எழுதுவது

இன்வர்டாரா துறைமுகம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மானஸுக்கு,

உன் வீட்டுக்காரி நப்லா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் ரோஷினும் சுகம். பூனை எங்கள் இருவரையும்விட சுகமாக இருக்கிறது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். உன் இடது கையை வெட்டி எடுத்த இடம் நன்றாக ஆறி வருகிறது என்று ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரி எழுதியிருந்தார். புண்ணியவதி, அவர் நன்றாக இருக்கட்டும். சனிக்கிழமை உன்னை வெளியே விடுகிறார்கள் என்றும், நீ ஊருக்கு வராமல் கிளாஸ்கோவில் உன் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்கிறாய் என்றும் அவர்தான் எழுதியிருந்தார். நீ ஒரு வரி எழுதவில்லை. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

சரி, சண்டையோடு ஆரம்பிக்கக் கூடாது என்றுதான் இரண்டு கோப்பை டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். டப்ளினுக்கு உன்னைப் பார்க்க வந்த அன்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். களைப்பாக இருக்கும் என்றார் கன்னியாஸ்திரி. களைப்பா, என் தலையைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று நான் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் துக்கத்தில் உன் பல்செட்டைக் கொடுக்க மறந்து கோட்டுப் பையிலேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தப் பாழாய்ப்போன பல்செட்! படகுக்குப் போகிற வழியில் செம்பட்டைத் தலைப் பெண் எதிரே வந்தால் ஆம்பிளைகள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஊர் இது. உன்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, நீ கடலுக்குக் கிளம்புகிற காலைகளில் நான் ஜன்னல் திரையைக்கூட விலக்கியது கிடையாது. மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவும் தலையில் துணியை இறுக்கிக்கொண்டு ஐஸ் ஆலைக்குப் பின்னால் சுற்றித்தான் போவேன். அன்றைக்குப் பார்த்து நீ பல்லைக் கோப்பையில் விட்டுவிட்டுப் போனாய். பல் இல்லாமல் இந்த மனுஷன் கடலில் எதைத் தின்பான் என்ற ஒரே நினைப்பு. துணி கட்டவில்லை, ஒன்றும் கட்டவில்லை, கோப்பையோடு ஓடி வந்தேன்.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும், ஸ்கிப்பர் ஃபெலிம் "அடி பாவி, வீட்டுக்குப் போடி!" என்று கத்தியதும், நான் பல்லோடு திரும்பியதும் உனக்குத் தெரியும். கானாங்கெளுத்தி கரையோரம் மண்டிக் கிடந்த வாரம், மற்ற படகுகள் முந்திக்கொண்டன, அதனால் ஃபெலிம் வீட்டுக்குத் திரும்பாமல் கடலுக்குப் போய்விட்டார். மறுநாள் வலையை இழுக்கும்போது இரும்புக் கயிறு உன் கையைச் சுற்றிக்கொண்டது என்று ரேடியோவில் செய்தி வந்தது. தொழிற்சாலையில் என் கையில் இருந்த கத்தியை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.

ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? நானே இந்த ஊர்க்காரிதானே. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பள்ளிக்கூடத்தில் எவளோ ஒரு குட்டி சொல்லிவிட்டாள் போல, ரோஷின் வந்து, "அம்மா, உன் முடிதான் அப்பா கையை எடுத்துக்கிச்சா? அப்ப என் முடியும் யாரையாச்சும் எடுக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கும் என் செம்பட்டைதானே, மானஸ். அன்று ராத்திரி கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பை கானாங்கெளுத்தி தொங்குகிறது. கீழே இன்னொரு பை. வேலியில் ஒரு பெரிய காட் மீன், வாயில் கயிறு கோத்து. கடலுக்குப் போக ஆள் இல்லாத வீட்டில் மீன் தொங்கவிடுவது நம் வழக்கம்தான், ஆனால் இப்படியா? ஒவ்வொருவனும் மற்றவன் கொடுத்திருக்க மாட்டான் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறான். பொரித்தேன், உப்புப் போட்டேன், அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்கள்தான் தொங்கவிட்டவர்கள்! பூனை இப்போது மீனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எஞ்சின் பார்க்கிற ஓனி வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். "நப்லா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் படகுல விசிலடிச்சேன். காத்தைக் கூப்பிட்டது நான்தான். உன் தலைமுடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றான். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். டீ குடித்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் சமையல்காரன் காஹல். "படகுல சொல்லக் கூடாத அந்தப் பேரைச் சொல்லிட்டேன் நப்லா. அடுப்பு பத்தலன்னு கடுப்புல திட்டினேன். சேத்துல புரளுமே, வால் சுருண்டிருக்குமே, அவன் பேரு. ரெண்டு தடவை" என்றான். கண்ணில் தண்ணீர். அந்தப் பேரை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கும் தைரியமில்லை. அதற்கு மறுநாள் நம் பங்குச் சாமியாரே வந்துவிட்டார். மீனவன் காலையில் கறுப்பு அங்கியைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும், எனக்கு முன்னாலேயே அவர் துறையில் உங்கள் படகைக் கடந்து போனாராம். "குத்தம் என்னோடதும்மா, நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அவர் கையிலும் ஒரு பை கானாங்கெளுத்தி! யாரோ அவருக்குக் கொடுத்தது.

கடைசியாக ஃபெலிம். அந்த மனுஷர் நம் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை, என் தலைக்குப் பயந்து. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "துறையை விட்டு வெளிய வரும்போது படகைச் சூரியன் போற போக்குக்கு எதிராத் திருப்பிட்டேன். நாப்பது வருஷத்துல செய்யாத தப்பு. அவன் கை போனது என்னாலதான்" என்றார்.

நான் அடுப்பங்கரைக்குப் போய் நின்று யோசித்தேன். இத்தனை கெட்டதும் ஒரே காலையில் நடந்திருந்தால் படகு துறைச் சுவரைக்கூடத் தாண்டியிருக்காதே! ஓனிக்கு முன்பல் நாலும் போய் எத்தனை வருஷம், அவன் எதை வைத்து விசிலடித்தான்? சாமியார் அந்த வாரம் முழுக்கப் பக்கத்துப் பங்கில் ஒரு சாவுக்குப் போயிருந்தார், ஊருக்கே தெரியும். எல்லாம் பொய், மானஸ்! ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாத மனுஷர்கள், ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், என் தலையில் விழக் கூடாது என்று. அங்கேயே ஏப்ரனில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இப்படி ஒரு ஊரில் என்னை வாழ வைத்ததற்குக் கடவுளுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஃபெலிம் போகும்போது, "வியாழக்கிழமை படகு கிளம்புது. நீயும் பாப்பாவும் வந்து கயித்தை அவுத்து விடணும். தலையில துணி கிணி கட்டிட்டு வந்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார். விளையாடுகிறீர்களா என்று கேட்டேன். "நீ வராம படகு கிளம்பாது, நாங்க பட்டினி கிடந்தா உன் பாடு" என்றார். போனோம். தொழிற்சாலைப் பெண்கள் எல்லாம் ரப்பர் பூட்ஸோடு வாசலுக்கு வந்து நின்றார்கள். ஃபெலிம் எங்கள் இரண்டு தலையையும் நேருக்கு நேர் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது, பயம் போகவில்லை பாவம். ஆனாலும் பார்த்தார். ரோஷின் கயிற்றை எறிந்தாள்.

படகு திரும்புகிற வரை நான் தூங்கினேனா என்று கேட்காதே. ஜெபமாலை உருட்டி உருட்டி விரல் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பிரமாதமான மீன்பாடு ஒன்றும் இல்லை, வெறுங்கையும் இல்லை, சாதாரணப் பாடுதான். ரோஷின் ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "கையைக் காட்டு" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. காஹல் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். எல்லா விரலும் இருந்தன. அதற்குப் பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

உன் படுக்கையைப் படகில் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆள் குறைவாகவே போய் வருகிறார்கள். ஃபெலிமுக்கு முழங்கால் போய்விட்டது, சுக்கானை உன்னிடம் விட வேண்டும் என்கிறார். ஒற்றைக் கையோடா என்றேன். "சுக்கான் பிடிக்க ஒரு கை போதும். என்னோட இன்னொரு கை இத்தனை வருஷமா டீக்கோப்பை பிடிக்கத்தான் இருந்துச்சு" என்றார். நீ கௌரவம் பார்க்கிறாய் என்றால் அதை அவரிடம் சொல்லிக்கொள், என்னிடம் சொல்லாதே.

கௌரவம் இல்லை, என் தலைதான் காரணம் என்றால், அதையும் சொல்லிவிடு. மற்றவர்கள் வந்து சொன்னார்கள், நீ மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ ஒரு பொய் சொன்னாலும் போதும், மானஸ். நான் நம்பிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டப்ளின் பஸ் ஐஸ் ஆலைக்கு முன்னால் நிற்கும். நானும் ரோஷினும் அங்கே நிற்போம், காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் தலையில் ஒன்றும் கட்டாமல். வளைவு திரும்பும்போதே எங்கள் தலை உனக்குத் தெரியும். எங்களைப் பார்த்தால் திரும்பிப் போவதுதான் உங்கள் வழக்கம். நீ இறங்கி வா.

பல்செட் அதே கோப்பையில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன்.

கடவுளும் அவர் தாயும் உன்னைப் பத்திரமாக வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடட்டும்.

உன்,
நப்லா